படபடக்கும் இதயமும் ரோயிங் மெஷினும்: வாசகர் கேள்வி பதில்

இதயத் துடிப்பு தாளம் தப்பும் கோளாறோடு ரோயிங் மெஷினில், அதாவது துடுப்பு வலிப்பதுபோல் இழுக்கும் உடற்பயிற்சிக் கருவியில், உட்காரும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ‘ஏஎஃப்’ என்று வரும் இடமெல்லாம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று படித்துக்கொள்ளுங்கள். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்க, நாடி தாறுமாறாக ஓடும் நிலை அது.

கேள்வி: வயது 58. எப்போதாவது ஏஎஃப் வந்து, சில மணி நேரத்தில் தானாக அடங்கிவிடும். ‘தாராளமாக உடற்பயிற்சி செய்யலாம்’ என்றார் டாக்டர். ரோயிங் மெஷினைப் பார்த்தால் கையால் பாரம் இழுப்பதுபோல் இருக்கிறது. இதயத்துக்கு ஆகுமா?

பதில்: பார்க்கத்தான் கை வேலை, உள்ளபடி அது கால் வேலை. முதலில் கால் தள்ளும், அடுத்து இடுப்பிலிருந்து உடம்பு பின்னால் சாயும், கை கடைசியில்தான் மடங்கும். முன்னால் திரும்பும்போது வரிசை தலைகீழ்: கை, உடம்பு, கால். விசையில் பெரும்பங்கு காலிலிருந்து வந்துவிட்டால் இது நடை, சைக்கிள் போன்ற பயிற்சிதான். கையாலேயே இழுக்கிறவர்களுக்குத்தான் பாரம் தூக்குவதுபோல் ஆகிவிடுகிறது. முன்கை இறுகும், மூச்சு அடைபடும், ரத்த அழுத்தம் எகிறும்.

ஆனால் ‘தாராளமாக’ என்ற சொல்லோடு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். எக்கோவில் இதயத் தசையும் வால்வுகளும் எப்படி இருக்கின்றன, டிரெட்மில் டெஸ்ட் வேண்டுமா, நாடி எந்த எண்ணைத் தாண்டினால் நிறுத்த வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். தைராய்டும் பொட்டாசியமும் அண்மையில் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். இவற்றில் எது பிசகினாலும் தாளம் தப்பும். பழி மெஷின்மேல் விழும்.

அளவான பயிற்சி ஏஎஃப்பைக் குறைக்கும் என்பதற்குச் சான்று உண்டு. 2023-ல் வெளியான ‘ஆக்டிவ்-ஏஎஃப்’ என்ற ஆய்வில் 120 நோயாளிகள் இருந்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு ஆறு மாதம் பயிற்சி, படிப்படியாக வாரம் 210 நிமிடம் வரை. ஓராண்டு முடிவில் பயிற்சி செய்தவர்களில் 40 சதவீதத்தினருக்கு ஏஎஃப் திரும்பவில்லை. மற்றவர்களில் அது 20 சதவீதம்தான்.

மறுபக்கமும் இருக்கிறது. சுவீடனின் ‘வாசலோப்பெட்’ 90 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் பந்தயத்தில் 1989 முதல் 1998 வரை கலந்துகொண்ட 52,755 பேரைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, அதிகமுறை ஓடியவர்களுக்கும் வேகமாக முடித்தவர்களுக்கும்தான் தாளக் கோளாறு கூடுதலாக இருந்தது. ஆண்டுக்கணக்கில் உச்ச அளவில் துடுப்பு வலித்த போட்டியாளர்களிடமும் பிற்காலத்தில் ஏஎஃப் அதிகம். மாத்திரைக்கு டோஸ் இருப்பதுபோல் இதற்கும் உண்டு. நீங்கள் கேட்கும் அளவு, ஆபத்தான டோஸுக்கு வெகு தூரம் இப்பால்.

கேள்வி: ஜிம் பயிற்சியாளர் டேம்பரை 10-ல் வைக்கச் சொல்கிறார். அதுதான் ‘முழு பலன்’ என்கிறார். சரியா?

பதில்: இல்லை. 3 முதல் 5-க்குள் வையுங்கள். டேம்பர் என்பது சைக்கிள் கியரைப் போன்றது. நீங்கள் எவ்வளவு உழைக்கிறீர்கள் என்பதை அது தீர்மானிப்பதில்லை. காற்றுச் சக்கரத்துக்குள் எவ்வளவு காற்று புகலாம் என்பதை மட்டும் அது மாற்றுகிறது. 10-ல் வைத்தால் நிறையக் காற்று புகும். இரண்டு இழுப்புகளுக்கு நடுவே சக்கரம் சீக்கிரம் வேகம் இழக்கும். அடுத்த இழுப்பின் தொடக்கத்தில் கை ஒரு பாறையைப் பிடித்து இழுப்பதுபோல் இருக்கும். அந்த நொடியில்தான் எல்லோரும் தங்களை அறியாமல் மூச்சைப் பிடிக்கிறார்கள். மூச்சை அடைத்து முக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, விட்டதும் சட்டென்று இறங்கும். அந்த ஏற்ற இறக்கம், தாளம் தப்பும் பழக்கமுள்ள இதயத்துக்கு வேண்டாத சீண்டல்.

டேம்பர் எண்ணைவிட நம்பகமானது ‘டிராக் ஃபேக்டர்’, அதாவது சக்கரம் எவ்வளவு சீக்கிரம் வேகம் இழக்கிறது என்று மெஷினே அளந்து காட்டும் எண். கான்செப்ட்2 என்ற நிறுவனத்தின் மெஷினில் உள்ள பிஎம்5 திரையில் ‘மோர் ஆப்ஷன்ஸ்’, பிறகு ‘டிஸ்ப்ளே டிராக் ஃபேக்டர்’ என்று போய் நாலைந்து முறை இழுத்தால் எண் தெரியும். 100-லிருந்து 115-க்குள் இருக்கும்படி டேம்பரை நகர்த்துங்கள். சக்கரக் கூண்டில் தூசு அடைந்த ஜிம் மெஷினில் இதே எண்ணுக்கு டேம்பரை 6-க்குக்கூடத் தள்ள வேண்டியிருக்கும். தண்ணீர்த் தொட்டி மெஷினிலும் காந்த மெஷினிலும் இந்த எண் கிடையாது. அங்கே முதல் இழுப்பில் பல்லைக் கடிக்கத் தோன்றாத கனம்தான் சரியான கனம்.

மூச்சுக்கு ஒரே விதி: தள்ளும்போது வாயால் விடு, திரும்பும்போது இழு. முன்னால் முழுக்க வந்து முட்டி நெஞ்சோடு ஒட்டியிருக்கும்போது மூச்சு இழுக்கப் பார்க்காதீர்கள், அங்கே இடமில்லை.

கேள்வி: புதிதாகத் தொடங்குகிறேன், வயது 63, ஏஎஃப் கட்டுக்குள் இருக்கிறது. எத்தனை நிமிடம், என்ன வேகம் என்று எண்ணாகச் சொல்லுங்கள்.

பதில்: வாரம் மூன்று நாள், நடுவே ஒரு நாள் ஓய்வு. ஒவ்வொரு முறையும் முதல் 5 நிமிடம் சும்மா அசைவுதான்: முதலில் கை மட்டும், பிறகு கையும் உடம்பும், பிறகு பாதித் தூரம் சறுக்கி. இதைத் தாண்டிக் குதித்து நேரே முழு இழுப்புக்குப் போகிறவர்களுக்குத்தான் அட்ரினலின் ஒரே வீச்சில் ஏறுகிறது.

முதல் இரண்டு வாரம் 4 நிமிடம் மூன்று முறை, நடுவே ஒரு நிமிடம் மெல்லிய அசைவு. அடுத்த இரண்டு வாரம் 6 நிமிடம் மூன்று முறை. ஐந்து, ஆறாம் வாரங்களில் 10 நிமிடம் இரண்டு முறை. ஏழாம் வாரம் முதல் 20 நிமிடம் தொடர்ச்சியாக. நிமிடத்துக்கு 18 முதல் 20 இழுப்பு; அதற்கு மேல் வேண்டாம். தள்ள ஒரு பங்கு நேரம் எடுத்தால் திரும்பி வர இரண்டு பங்கு எடுங்கள். கடைசி 5 முதல் 8 நிமிடம் தளர்வாக இழுத்துத்தான் முடிக்க வேண்டும். திடீரென்று நிறுத்தினால் ரத்தம் காலில் தேங்கி அழுத்தம் விழும். அட்ரினலின் இன்னும் மேலே நிற்கும்போது நாடியை இறக்கும் வேகஸ் நரம்பும் சேர்ந்து பிரேக் போடும். உழைக்கும்போது நன்றாக இருந்து, முடித்த பிறகு ஏஎஃப் வருகிறவர்களில் பலருக்கு இதுதான் கதை.

திரையில் ‘500 மீட்டருக்கு எத்தனை நிமிடம்’ என்ற எண்ணை மறைத்துவிட்டு வாட்ஸை வையுங்கள். காரணம் இருக்கிறது. 500 மீட்டருக்கு 3:00 என்றால் 60 வாட்ஸ். 2:45-க்கு 78. 2:30-க்கு 104. 2:15-க்கு 142. 2:00-க்கு 203. ஒவ்வொரு படியும் அதே 15 விநாடிதான், ஆனால் கடைசிப் படிக்கு மட்டும் 61 வாட்ஸ் கூடுதல் வேண்டும். முதல் படிக்கு 18 போதும். வேகம் இரண்டு மடங்கானால் வாட்ஸ் எட்டு மடங்காகும் கணக்கு இது. ‘இன்னும் கொஞ்சம்தானே’ என்று துரத்தும்போது இதயம் கொடுக்கும் விலை திரையில் தெரிவதில்லை.

உங்கள் வயதில் தொடங்குபவர்கள் பெரும்பாலோருக்கு 45 முதல் 80 வாட்ஸ் போதும். ஒரு முழு வாக்கியத்தை மூச்சு முட்டாமல் சொல்ல முடிகிற வாட்ஸ் எது என்று கண்டுபிடித்து, முதல் எட்டு வாரமும் அங்கேயே நில்லுங்கள். முதலில் நிமிடத்தைக் கூட்டுங்கள், பிறகு நாட்களை, வாட்ஸைக் கடைசியில்.

கேள்வி: நெஞ்சு ஸ்ட்ராப் 190 காட்டுகிறது, கைக்கடிகாரம் 95 என்கிறது, எனக்கோ ஒன்றும் தெரியவில்லை. எதை நம்ப?

பதில்: இரண்டையும் உடனே நம்பாதீர்கள். நெஞ்சு ஸ்ட்ராப் இதயத்தின் மின்துடிப்பை எண்ணுகிறது; கடிகாரம் தோலுக்கடியில் ரத்தம் வந்து போவதை ஒளியால் பார்க்கிறது. ரோயிங்கில் கடிகாரத்துக்குக் கெட்ட நேரம்: கைப்பிடியை இறுக்கும்போதும் மணிக்கட்டு மடங்கும்போதும் ஒளிப்படிப்பு கலங்கும். ஏஎஃப் ஓடினால் இன்னொரு சிக்கல். மிக நெருக்கமாக வரும் சில துடிப்புகளில் இதயம் நிரம்புவதற்குள் சுருங்கிவிடும். அந்த அலை மணிக்கட்டு வரை வந்து சேராது. அதனால் கடிகாரம் குறைத்தே சொல்லும். மேற்கையில் கட்டும் ஒளி சென்சார் கொஞ்சம் மேல்.

ஸ்ட்ராப்பும் பொய் சொல்லும். தொடங்கி மூன்று நான்கு நிமிடம், வியர்வை வருமுன், வறண்ட தோலில் 0, 210, 64 என்று தாவும். மின்முனைகளை நன்றாக நனைத்துக் கட்டுங்கள், மார்புக்குச் சற்றுக் கீழே, பின்னால் சாயும்போது நழுவாத இறுக்கத்தில். செயற்கை இழைச் சட்டை உரசினாலும், பேட்டரி தளர்ந்தாலும் இதே கூத்து. 95 அப்படியே 190 ஆனால், துல்லியமாக இரண்டு மடங்கு: ஈசிஜியில் உயரமான அலையோடு அதன் பின்னால் வரும் சிறு அலையையும் சேர்த்து எண்ணியிருக்கலாம்.

நிஜமான தாளக் கோளாறு வேறு மாதிரி நடந்துகொள்ளும். அதே 70 வாட்ஸ், இதுவரை 116, 117, 118 என்று நின்ற எண், சட்டென்று 139, 168, 147, 172 என்று ஒரு இடத்திலும் தங்காமல் அலைந்தால் அது ஏஎஃப் ஆக இருக்கலாம். எண் 150-ஐ ஒட்டி ஆணி அடித்ததுபோல் நின்று, இழுத்தாலும் நிறுத்தினாலும் மாறாமல் இருந்தால் ஏட்ரியல் ஃபிளட்டர் என்ற சந்தேகம் வர வேண்டும். அதில் மேலறை நிமிடத்துக்கு 300 முறை சுழல, இரண்டில் ஒன்று கீழே இறங்கும். அதனால்தான் அந்த 150. மருந்து எடுப்பவர்களுக்கு இது இன்னும் கீழே நிற்கலாம்.

சந்தேகம் வந்தால் கைப்பிடியை வைத்துவிட்டு மணிக்கட்டில் நாடி பிடியுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கும் வழக்கம் இங்கே உதவாது. தாளம் ஒழுங்கில்லாதபோது முழு 60 விநாடி எண்ண வேண்டும். கழுத்தில் அழுத்திப் பார்க்காதீர்கள்.

கேள்வி: பிசோப்ரொலால் எடுக்கிறேன். 220-லிருந்து வயதைக் கழித்து வரும் எண்ணில் 70 சதவீதத்துக்குப் போக முடியவில்லை. உடல் கெட்டுவிட்டதா?

பதில்: மருந்து வேலை செய்கிறது. பிசோப்ரொலால் போன்ற பீட்டா பிளாக்கர் மருந்து நாடியின் உச்சத்தையே கீழே இறக்கிவிடும். டில்டியாஜெம், வெராபாமில் இரண்டும் ஓரளவு அப்படித்தான். அந்தச் சூத்திரம் உங்களுக்கு எழுதப்பட்டதில்லை. மருந்தில்லாத ஆரோக்கியமானவர்களுக்கே அது பத்து துடிப்பு முன்பின்னாகப் பிசகும். போர்க் அளவுகோலைப் பயன்படுத்துங்கள்: உழைப்பை நீங்களே 6 முதல் 20 வரை மதிப்பிடுவது; 11 என்றால் லேசு, 13 என்றால் சற்றுக் கடினம். 11-க்கும் 13-க்கும் நடுவில் இருங்கள். மாத்திரையை எடுத்து எத்தனை மணி நேரம் கழித்துப் பயிற்சி என்பதையும் நோட்டில் எழுதுங்கள். காலை மாத்திரைக்கு முன் ஒரு நாள், பின் ஒரு நாள் என்று மாற்றினால் நாடி எண்களை ஒப்பிடவே முடியாது.

கேள்வி: இழுத்துக்கொண்டிருக்கும்போதே ஏஎஃப் தொடங்கினால்?

பதில்: விசையை உடனே விடுங்கள், ஆனால் உறைந்து நிற்காதீர்கள். தலைசுற்றல் இல்லையென்றால் ஒன்றிரண்டு நிமிடம் வெறும் அசைவாக இழுத்து, பிறகு கால் பட்டைகளைத் தளர்த்தி, முதுகைச் சாய்த்து உட்காருங்கள். தொடங்கிய மணியைக் குறித்துவையுங்கள். அலங்காரத்துக்கு அல்ல: மின் அதிர்ச்சி கொடுத்துத் தாளத்தைத் திருப்பலாமா என்று டாக்டர் முடிவு செய்வது, எத்தனை மணி நேரமாக ஓடுகிறது என்பதையும் நீங்கள் ரத்த உறைவுத் தடுப்பு மருந்தில் இருக்கிறீர்களா என்பதையும் பொறுத்தது. கடிகாரத்தில் ஈசிஜி வசதி இருந்தால் அசையாமல் உட்கார்ந்து 30 விநாடிப் பதிவு எடுத்து வையுங்கள்.

நெஞ்சுவலி, கண் இருட்டுதல், மயக்கம், உட்கார்ந்த பிறகும் அடங்காத மூச்சுத்திணறல், முகம் ஒரு பக்கம் கோணுதல், கை தொய்தல், பேச்சுக் குழறல், இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆம்புலன்ஸ். நீங்களே வண்டி ஓட்டிப் போகக் கூடாது. உழைப்பின் நடுவே மயங்கி விழுந்தவர், எழுந்து ‘இப்போது சரியாகிவிட்டது’ என்று சொன்னாலும் அதே பதில்தான்.

தானாக அடங்கிவிட்டால் அன்றைய பயிற்சி முடிந்தது. மறுநாள் நடை, அதற்கடுத்த நாள் மெஷின், பழைய வாட்ஸில் முக்கால் பங்கு. ‘வந்தால் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்’ என்று ஃபிளெக்கனைடு கொடுக்கப்பட்டவர்கள் அதைப் போட்ட பிறகு ஏறக்குறைய இரண்டு நாள் மெஷின் பக்கம் போகக் கூடாது. அந்த மருந்து சில சமயம் ஏஎஃப்பை மெதுவான ஃபிளட்டராக மாற்றும். அந்த மெதுவான சுழற்சியில் ஒவ்வொரு துடிப்பும் கீழறைக்கு இறங்கிவிட முடியும். உழைப்பு அதற்குக் கதவை இன்னும் அகலத் திறக்கும். நாடி 200-ஐத் தாண்டுவது இப்படித்தான்.

கேள்வி: எனக்கு ஏஎஃப் இல்லை. பயிற்சி முடித்து உட்கார்ந்தால் ஒரு துடிப்பு விட்டுப்போய் அடுத்தது ‘டொம்’ என்று இடிக்கிறது. நாள் முழுக்க ஈசிஜி பதியும் ஹோல்டர் கருவியில் ‘எக்டோபிக்’ என்று வந்தது.

பதில்: உண்மையில் எதுவும் விட்டுப்போவதில்லை. ஒரு துடிப்பு அவசரப்பட்டு முன்னால் வந்துவிடுகிறது. அது அரைகுறை, உங்களுக்குத் தெரியாது. பிறகு ஒரு நீண்ட இடைவெளி. அதில் இதயம் கூடுதலாக நிரம்புகிறது. அடுத்த துடிப்பு அந்த நிறைவை வெளியேற்றும்போது ‘டொம்’. எக்கோவும் ஈசிஜியும் சரியாக இருந்தால், உழைக்கும்போது மறைந்து ஓய்வில் வருபவை பெரும்பாலும் தொல்லை மட்டுமே. உழைப்பு ஏற ஏறக் கூடுகிறதா, மூன்று நான்கு தொடர்ச்சியாக வருகிறதா, தலை சுற்றுகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்; அப்படியானால் மெஷினை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். தளர்வு நேரத்தை 10 நிமிடமாக்கினால் பலருக்கு இது குறையும். முடித்த சூட்டில் ஐஸ் தண்ணீரை மடமடவென்று குடிப்பதும் சிலருக்கு இதைக் கிளப்பிவிடும்.

கேள்வி: ரத்த உறைவைத் தடுக்கும் அபிக்ஸபான் எடுக்கிறேன். பயிற்சி நாளில் ஒரு வேளையை விட்டுவிடலாமா?

பதில்: கூடாது. ரோயிங்கில் மோதல் இல்லை. ரத்தக்கசிவு பயத்தைவிட, மாத்திரையை விட்ட நேரத்தில் உறைகட்டி மூளைக்குப் போகும் ஆபத்து பெரிது. உள்ளங்கைக் கொப்புளம் கிழிந்தால் அழுத்திப் பிடிக்கும் நேரம் கூடும், அவ்வளவுதான். கைப்பிடியை நழுவவிட்டால் அது பறந்து போய் மெஷினில் மோதும். கொக்கியில் வைத்துப் பழகுங்கள். தலையில் அடிபட்டால் மட்டும், வலி இல்லையென்றாலும் மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: எழும்போது தலை சுற்றுகிறது.

பதில்: வழக்கமான மெஷினின் இருக்கை தரையிலிருந்து 36 சென்டிமீட்டர்தான். பீட்டா பிளாக்கரோ ரத்த அழுத்த மாத்திரையோ எடுப்பவர் அந்த ஆழத்திலிருந்து சட்டென்று எழுந்தால் சுற்றத்தான் செய்யும். முடித்ததும் இரண்டு நிமிடம் உட்கார்ந்தபடியே கெண்டைக்காலை இறுக்கித் தளர்த்துங்கள். பக்கத்தில் ஒரு நாற்காலி வையுங்கள். இருக்கை 51 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும்படி உயரமான கால்கள் கொண்ட மெஷினும் கிடைக்கிறது.

கேள்வி: கதீட்டர் அப்லேஷன் (இதயத்துக்குள் மெல்லிய குழாய் விட்டு ஏஎஃப்பைக் கிளப்பும் இடங்களைச் செயலிழக்கச் செய்யும் சிகிச்சை) முடிந்து பத்து நாள். நடக்கிறேன். எப்போது இழுக்கலாம்?

பதில்: நடைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ரோயிங்கில் முன்னால் வரும்போது தொடை வயிற்றோடு மடிகிறது. கதீட்டர் நுழைந்த இடுப்பு மடிப்புதான் அங்கே நசுங்கும். புண் முழுக்க ஆறி, வீக்கமோ கட்டியோ இல்லை என்று பார்த்துச் சொன்ன பிறகு, பாதித் தூரச் சறுக்கலோடு தொடங்குங்கள். கடும் உழைப்பு இன்னும் சில வாரங்கள் கழித்து, உங்கள் டாக்டர் சொல்லும் நாளில். முதல் இரண்டு மூன்று மாதம் இதயத்தில் தழும்பு கட்டும் காலம். அப்போது ஏஎஃப் எட்டிப்பார்த்தால் சிகிச்சை தோற்றது என்று பொருளில்லை. பேஸ்மேக்கரோ ஐசிடியோ (ஆபத்தான தாளம் வந்தால் உள்ளிருந்தே மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி) வைத்தவர்களுக்கு முதல் ஆறு வாரம் இழுப்பே வேண்டாம். ஐசிடி எந்த நாடியில் அதிர்ச்சி கொடுக்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டு, அதற்கு 20 துடிப்பு கீழேயே நின்றுகொள்ளுங்கள்.

கேள்வி: ஓராண்டாக மெதுவாகவே இழுக்கிறேன், ஏஎஃப் வரவில்லை. நண்பர்கள் 2,000 மீட்டர் நேரப் போட்டிக்கு அழைக்கிறார்கள்.

பதில்: வேகமாக இழுக்கவே கூடாது என்று சொல்ல மாட்டோம். நார்வேயில் 2016-ல் வந்த ஓர் ஆய்வில் 51 ஏஎஃப் நோயாளிகளில் ஒரு பகுதியினர் டிரெட்மில்லில் 4 நிமிடம் கடுமையாக, நான்கு முறை, வாரம் மூன்று நாள், 12 வாரம் செய்தார்கள். அவர்கள் ஏஎஃப்பில் கழித்த நேரம் 8.1 சதவீதத்திலிருந்து 4.8-க்கு இறங்கியது. ஆனால் அது மேற்பார்வையில் நடந்தது; ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே ஓய்வு இருந்தது.

2,000 மீட்டர் போட்டி அப்படிப்பட்டதில்லை. ஏழு, எட்டு, பத்து நிமிடம் இடைவெளியில்லாத உச்ச உழைப்பு. கடைசி 500 மீட்டரில் மூச்சைப் பிடிக்காமல் இழுப்பவரை நாங்கள் பார்த்ததில்லை. முடித்ததும் எல்லோரும் மெஷின்மேல் அப்படியே சரிந்து கிடப்பார்கள். தாளம் தப்பும் இதயத்துக்கு வேண்டாதவை என்று மேலே சொன்ன எல்லாம் ஒரே இடத்தில் கூடுகின்றன. டிரெட்மில் டெஸ்ட் சுத்தமாக இருந்து, டாக்டரும் ஒப்புக்கொண்டால், 2 நிமிடம் சற்றுக் கடினம், 3 நிமிடம் தளர்வு என்று நான்கு சுற்றோடு வாரம் ஒரு நாள் தொடங்குங்கள். வாட்ஸ் வழக்கத்தைவிட கால் பங்கு மட்டும் கூடுதல். முந்தைய இரவு மது, தூக்கமின்மை, காய்ச்சல், வயிற்றுப்போக்கு இதில் எது இருந்தாலும் அந்த வாரச் சுற்று ரத்து. போட்டி நாளில் நண்பர்களுக்கு ஸ்டாப்வாட்ச் பிடிக்க ஓர் ஆள் தேவைப்படும்.